தரையில் மூன்று கட்டம்

மெக்கானிக் கடையில் காலையிலேயே கூச்சல். நர்ஸ் ஒருத்தி தன் வண்டியைத் தேடிக்கொண்டிருந்தாள். வண்டி அங்கேதான் இருந்தது. சக்கரம் ஒரு மூலையில், சீட்டு ஒரு மூலையில், இன்ஜின் மேசைமேல்.

"நேத்தே தர்றேன்னீங்களே அண்ணே! டூட்டிக்கு எதுல போறது?"

"சாயங்காலம் நிச்சயம்மா. வேலை நடந்துட்டுதானே இருக்கு!"

ஒரு வேலையும் நடக்கவில்லை. இந்தத் தொழிலில் ஒரு தந்திரம் உண்டு. வண்டி வந்து நின்றதும் பிரித்துப் போட்டுவிட வேண்டும். பிறகு வண்டிக்காரன் வேறு கடைக்கு எப்படிப் போவான்? இப்படிக் கண்ட வண்டியையெல்லாம் பிரித்துப் பிரித்து, எதையும் முடிக்காமல், ஆட்கள் வருவதே குறைந்துவிட்டது. மெக்கானிக்குடைய மனைவியின் அண்ணன் பக்கத்துத் தெருவில் பெரிய கடை வைத்திருந்தான். "இந்த மாசத்தோட மூடிட்டு எங்கிட்ட வேலைக்கு வந்துடு மாப்ளே" என்று சிரித்தான்.

பயந்துபோன மெக்கானிக், தொழில் முன்னேற்ற வகுப்புக்குப் போனான். கோட்டுப் போட்டவன் மேடையில் குதித்தான். மெக்கானிக்கின் போனில் ஏதோ ஒரு ஆப்பை ஏற்றிவிட்டான். அது மணிக்கொரு தரம் 'நீ வெல்வாய்' என்று கூவியது. கூவினால் வண்டி ஓடுமா?

சாப்பாடு கொண்டுவந்த மனைவிக்குக் கால் வைக்க இடமில்லை.

"ஏங்க, ரெண்டு அடுப்புல ஏழு பாத்திரம் வைப்பேனா?"

"இது தொழில்டி, அடுப்பில்ல."

"ஆமா, பெரிய தொழில்! அடுப்புலயாவது சோறு வேகுது."

பஞ்சரில் குறி போடும் சாக்பீஸை எடுத்துத் தரையில் மூன்று கட்டம் போட்டாள். "கட்டத்துக்குள்ள இருக்கிற வண்டிய மட்டும் தொடுங்க. அதோட சாமான் அதுக்குள்ளயே கிடக்கட்டும். ஒண்ணு வெளிய போனாத்தான் அடுத்தது உள்ள."

"காத்திருக்கிறவன் ஓடிருவானே!"

"இப்ப மட்டும் என்ன, ஒருதரம் வந்தவன் மறுபடி வர்றானா?"

நர்ஸின் வண்டி முதல் கட்டத்துக்குள் போனது. மத்தியானமே உறுமிக்கொண்டு வெளியே வந்தது! அவனுக்கே நம்பிக்கை வரவில்லை. அடுத்தது, அதற்கடுத்தது... கை பரபரத்தது, சாப்பாடு மறந்தது. சில நாளில் தரை தெரிந்தது.

அப்போதுதான் பார்சல் கம்பெனி மேனேஜர் வந்தார். "இந்த வண்டி திணறுது. நல்லா பண்ணினா கம்பெனி வண்டி மொத்தமும் உங்களுக்குத்தான்."

கட்டம் மூன்றும் நிறைந்திருந்தன.

"பிரி மாப்ளே, விட்டுடாதே!" என்று காதில் கிசுகிசுத்தான், அந்நேரம் அங்கே வந்திருந்த மச்சான். ஸ்பேனர் மெக்கானிக்கின் கைக்கே வந்துவிட்டது. சாப்பாட்டோடு வந்து நின்ற மனைவி தரையைப் பார்த்தாள்.

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "இன்னைக்கு முடியாது சார். நாளைக்கு மத்தியானம் கொண்டாங்க. சாயங்காலம் எடுத்துட்டுப் போகலாம்."

மேனேஜர் போய்விட்டார். மச்சான் தலையில் அடித்துக்கொண்டான். "சரி, நாளைலருந்து என் கடையில டயர் உருட்டு!"

மறுநாள் மத்தியானம் வண்டி வந்தது. வேடிக்கை பார்க்க மச்சானும் வந்தான். சாயங்காலம் மேனேஜர் அதை ஓட்டித் தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, மெக்கானிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நாளையிலருந்து வரிசையா அனுப்புறேன். முடியாதுன்னு உண்மையச் சொன்ன ஆள் நீங்க ஒருத்தர்தான். பக்கத்துத் தெரு பெரிய கடையில ஒரு வண்டி விட்டேன். உடனே பிரிச்சாங்க, சாமானெல்லாம் இன்னும் சாக்குலதான் கிடக்கு. ஓனரப் பிடிக்கலாம்னா ஆளே கடையில இருக்கிறதில்ல."

மச்சான் குனிந்து செருப்பைத் தேடினான். மேனேஜர் போனபிறகு, கடையில் நின்ற தங்கையிடம் மெல்லக் கேட்டான். "தங்கச்சி, அந்த சாக்பீஸு மிச்சம் இருக்கா?"

"எடுத்துக்கோண்ணா. ஆனா கோடு மட்டும் போட்டா போதாது. முடியாததை முடியாதுன்னு சொல்லணும், கையில எடுத்ததை முடிச்சுக் குடுக்கணும். அப்பத்தான் தொழில் வளரும்."