வாழைப்பக்கம் ஓடிய பந்துகள்

ஹரோல்ட் பந்து தட்டிப் பழகத் தொடங்கி நாலாவது கிழமையும் வந்துவிட்டது. வினிபிரட் குனிந்து, வாழையடிச் சேற்றுக்குள் கிடந்த கோல்ஃப் பந்தை எடுத்து, சட்டை நுனியில் துடைத்துப் புருஷனிடம் நீட்டினாள். காலையிலிருந்து இது முப்பத்தெட்டாவது தடவை. குனிந்து குனிந்து அவளுக்கு நாரி விட்டுப்போயிருந்தது. பொறுமை அதற்கு முதலே விட்டுப்போயிற்று.

"கொஞ்சம் பொறும் வினிபிரட். மூண்டாவது பயிற்சி இப்பதான் தொடங்குது," என்றார் ஹரோல்ட்.

வட்டுக்கோட்டையில் முப்பது வருஷம் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்ற மனிதர், கைபேசியில் எவனோ வெள்ளைக்காரன் காட்டிய பயிற்சிகளை ஒன்றுவிடாமல் செய்துகொண்டிருந்தார். முற்றத்தில் இரண்டு சீமெந்துக் கல்லுக்கு நடுவே பந்தை விடுவது ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு தட்டுவது இன்னொன்று. எட்டடி தள்ளிச் சரித்துவைத்த பால்மாத் தகரப் பேணிக்குள் பத்துப் பந்து தொடர்ந்து விழாமல் காலைச் சாப்பாடு இல்லை என்பது மூன்றாவது. இடியப்பம் அன்றைக்கும் ஆறிக்கொண்டிருந்தது.

வெறும் விளையாட்டென்றால் தொலையட்டும் என்று விட்டிருப்பாள். இந்த மனுஷன் ரொறன்ரோவில் இருக்கும் சம்பந்தி றோயோடு வாய்காட்டப் போய், பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்தையே பந்தயமாக வைத்துவிட்டார். வீடியோவில் ஆளுக்குப் பத்துப் பந்து. றோய் வென்றால் சடங்கு ரொறன்ரோவில். ஹரோல்ட் வென்றால் பிள்ளையைக் கொண்டுவந்து வட்டுக்கோட்டையில். மகள் நிரோஜாவும் மருமகனும், நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கோ என்று கைகழுவிவிட்டார்கள். வினிபிரட்டுக்கோ இரண்டு தடவை விசா மறுத்தாயிற்று. ஏழு மாதப் பிள்ளையை அவள் கைபேசியில் தவிர வேறெங்கும் கண்டதில்லை. அதைத் தூக்க இருந்த ஒரே வழியும் இப்போது ஒரு பந்தின் கையில். நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இஞ்சாருங்கோ, முத்தம் வாழைப்பக்கம் வாட்டம். மழைத்தண்ணி வாழைக்குப் போகட்டும் எண்டுதானே பேதுரு மேசன் சரிச்சுச் சீமெந்து போட்டவன். நீங்கள்தானே பக்கத்திலை நிண்டு தண்ணி ஊத்திப் பாத்தனீங்கள்."

"அது ரெண்டு அங்குலம். பிழை என்ரை மணிக்கட்டிலை. நேராப் பேணியைப் பாத்து அடிக்கவேணும் எண்டுதான் வீடியோவிலை அந்தாள் சொல்லுறார்."

"அந்தாளின்ரை முத்தத்திலை வாழை இல்லை!"

ஹரோல்ட் நேராகப் பார்த்து அடித்தார். பந்து வாழைக்குப் போனது.

சனிக்கிழமை பின்னேரம் போட்டி. றோய் தன் வீட்டு நிலக்கீழறைக் கம்பளத்தில் பத்துக்கு ஆறு போட்டார். "சம்பந்தி, இஞ்சை சரியான குளிர். பிள்ளைக்கு ஞானஸ்நான அங்கியை மொத்தத் துணியிலை தைக்கச் சொல்லவேணும்," என்று சிரித்தார்.

ஹரோல்ட்டின் முதல் நாலு பந்தில் ஒன்றுதான் விழுந்தது. மிச்சம் ஆறும் விழுந்தால்தான் வெற்றி. கைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்த வினிபிரட்டுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"றோய் அண்ணை, இவருக்கு வெயில் கண்ணுக்குள்ளை அடிக்குது. பேணியை இஞ்சாலை மாத்தி வைக்கிறன்."

"எங்கையெண்டாலும் வையுங்கோ. எல்லாம் ஒண்டுதான்."

அவள் பேணியைத் தூக்கிக்கொண்டுபோய், மழைத்தண்ணி முழுவதும் வந்து சேருகிற வாழையடி மூலையில், விளிம்போடு சரித்துவைத்தாள். தூரம் அதே எட்டடிதான். விளக்குமாற்றுத் தடியால் அளந்தும் காட்டினாள்.

அடுத்த ஐந்து பந்தும் ஒன்றன்பின் ஒன்றாகப் பேணிக்குள் போயின. ஹரோல்ட்டின் முகம் கறுத்தது. கணக்கு வாத்தியாருக்குக் கணக்கு விளங்கிவிட்டது. மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டு, கடைசிப் பந்தை வேண்டுமென்றே மெல்லத் தொட்டுவிட்டார். அரைவழியில் நின்றுவிடும் போலத் தயங்கிய பந்து, பேதுரு போட்ட வாட்டத்தில் ஆறுதலாக, அவசரமில்லாமல் உருண்டுபோய்ப் பேணிக்குள் விழுந்தது.

"றோய், ஒரு விஷயம் சொல்லவேணும்…" என்று ஹரோல்ட் தொடங்கினார்.

வினிபிரட் கைபேசியின் சிவப்புப் பொத்தானை அமத்தினாள்.

"இது களவு, வினிபிரட்."

"ஓம், களவுதான். பிள்ளையை ஒருக்கால் என்ரை மடியிலை வைச்சுப்போட்டு, ஞானஸ்நானம் நடந்த அதே சேர்ச்சிலை முழங்காலிலை நிண்டு மன்னிப்புக் கேக்கிறன். அதுவரைக்கும் வாயைத் திறந்தீங்களோ, உங்கடை மட்டையும் வாழைக்குத்தான் போகும்."