சீதேவிப்பிள்ளையின் சிரிப்புக்கு ஊற்றிய எண்ணெய்

அம்பிளாந்துறையில் வாடகைக்கு ஓடும் ஹயர் கார் வைத்திருந்த கனகசிங்கத்தின் மனைவி சீதேவிப்பிள்ளைக்கு, தொண்ணூறாம் ஆண்டிலிருந்து, சொந்தமாக மூச்சு என்று ஒன்று இருக்கவில்லை. அவருடைய மொறிஸ் மைனரின் காபரேற்றர் எப்படி மூச்செடுத்ததோ அப்படியே அவளும் எடுத்தாள். அதில் தூசி அடைத்தால் அவளுக்கு இழுப்பு வந்தது. அதைக் கழுவிப் பூட்டினால் தணிந்தது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போர்க்காலத் தடையால் பெற்றோல் வராமல் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. ஆகவே அவள் பக்கத்தில் குப்பி விளக்கைக் கொண்டுபோனவர்கள் சுடரைக் கையால் மறைத்துக்கொண்டார்கள். ஊரில் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. கனகசிங்கத்துக்கு விளங்காமல் இருந்தது ஒரேயொரு சின்னக் காரியம்தான். நடக்க, நெல் அவிக்க, கோழி கலைக்க, அயலோடு சண்டை பிடிக்க எல்லாவற்றுக்கும் மூச்சுப் போதுமாயிருந்தவளுக்குச் சிரிக்க மட்டும் போதவில்லை. சிரிப்புத் தொடங்கும், வாய் திறக்கும், அந்த இடத்திலேயே மூச்சு நின்று முகம் நாவற்பழ நிறத்துக்குப் போகும்.

இது வந்த விதம் எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த ஆண்டு ஆனி மாதம் சண்டை மறுபடி மூண்டபோது ஊர் முழுக்க மேற்கே வயல்வெளி வட்டைகளுக்குள் போய் வாடிக் குடிசைகளில் ஒதுங்கியது. வரம்பில் கார் ஓடாது. விட்டுப்போனால் யாராவது கிளப்பிக்கொண்டு போய்விடுவார்கள். காரில் எதைக் கழற்றினாலும் அதற்குப் பதில் ஒன்றைத் தேடிப் பிடிக்கலாம், காபரேற்றருக்கு அந்த நாளில் பதில் கிடையாது. காற்றும் எரிபொருளும் சரியான அளவில் சேர்வது அதற்குள்தான்; அது இல்லாத கார் வெறும் இரும்புப் பெட்டி. கனகசிங்கம் அதைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு, காரை வைக்கோலால் மூடினார். இரண்டு தேங்காய் அளவு பாரமுள்ள அந்தச் சாமானை அவள் சேலைத் தலைப்பில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டாள். குண்டுச் சத்தம் கேட்ட இரவுகளில் அதை அணைத்துக்கொண்டே படுத்தாள். ஒரு நாள் அது சரிந்து கொஞ்சம் எண்ணெய் கசிந்து சேலையில் பட்டது. எஞ்சின் எண்ணெய் ஊறி வந்திருக்கிறது என்று கனகசிங்கம் எண்ணினார். எண்ணெய்க்குத் தட்டுப்பாடான நேரமாகையால் மிச்சத்தைச் சைக்கிள் சங்கிலியில் வடித்துவிட்டு, காபரேற்றரைத் துடைத்துக் கொடுத்தார்.

எந்த இரவில் இரண்டு மூச்சும் ஒன்றாயின என்று அவளுக்கே தெரியாது. அடுத்த வருடம் ஊர் திரும்பி, அவர் முற்றத்தில் பாய் விரித்துக் காபரேற்றரைக் கழற்றத் தொடங்கிய காலையில்தான் வெளிப்பட்டது. எரிபொருள் வரும் சிறு குழாயான ஜெட்டை உருவியதும் அவளுடைய மூச்சு நின்றது. அவள் விழவில்லை, திருவிக்கொண்டிருந்த தேங்காயைத் திருவி முடித்தாள். மூச்சு உள்ளே போகவுமில்லை, வெளியே வரவுமில்லை, அது தேவைப்படவுமில்லை. காற்று இல்லாததால் பேச்சு மட்டும் வரவில்லை. பயந்துபோன கனகசிங்கம் ஜெட்டைத் திரும்பச் செருகப் பார்த்தார். அதன் துளை தேய்ந்து முட்டை வடிவமாகிக் கிடந்தது. இனி முழுவதையும் புதுப்பிக்காமல் பூட்ட முடியாது.

ஒரு போகம் முழுக்க அந்த வேலை நடந்தது. உதிரிப் பாகங்களை இராணுவம் படகுத் துறை தாண்டி வர விடாது என்பதால் எல்லாம் உள்ளூரிலேயே ஆனது. கசிவு தடுக்கும் தக்கை வளையங்களைச் சாராயப் போத்தல் மூடியிலிருந்து வெட்டினார். பித்தளை மிதவையைச் சுடுநீரில் அமுக்கிப் பிடித்தபோது ஓரிடத்தில் குமிழி கிளம்பியது. ஓட்டை அங்கேதான் என்று கண்டு, தட்டாரிடம் கொடுத்துப் பற்றாசுப் பொடி வைத்து அடைத்தார். அந்த மிதவை ஒரு குட்டி வீட்டுக்காரி மாதிரி. கிண்ணத்தில் மண்ணெண்ணெய் நிறைந்ததும் மிதந்து எழும்பிக் கதவைச் சாத்தும், குறைந்ததும் இறங்கித் திறக்கும். ஜெட்டுக்குப் பழைய பம்பு ஒன்றின் குழாய் பொருந்தியது. அந்த மாதங்களில் சீதேவிப்பிள்ளை அவரைக் கூப்பிட வேண்டுமானால் அகப்பையை எறிந்தாள். கடைசித் திருகாணியை இறுக்கியதும் அவள் தும்மினாள். பிறகு சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் பொழுதுபடும்வரை சொன்னாள்.

"எண்ணெய்க் கையோட பானையத் தொடாதீங்க எண்டு எத்தின நாளாச் சொல்ல நினைச்சன் தெரியுமா?" என்பது அதில் முதலாவது.

சிரிப்பில் இருந்த குறை அப்போதும் தெரியவில்லை, ஏனென்றால் அந்த வருடங்களில் யாரும் சிரிக்கவில்லை. தொண்ணூற்று மூன்றில்தான் அது தெரிந்தது. அவளுடைய தம்பி நல்லரத்தினம் கூத்தில் கட்டியக்காரன் வேசம் போடுகிறவன், சபையைச் சிரிக்க வைப்பதே அவன் தொழில். ஒரு நாள் அக்கா வீட்டுக்கு வந்து, மாடு சோதனைச் சாவடியில் அடையாள அட்டை காட்டுவது எப்படி என்று நடித்துக் காட்டினான். சீதேவிப்பிள்ளை வாய் திறந்தாள். அப்படியே நின்றாள். கண் செருகியது. கனகசிங்கம் காருக்கு ஓடி எஞ்சின் மூடியைத் திறந்தார். காபரேற்றரின் பக்கத்தில் ஒரு சிறு முள் உண்டு. அதைத் தள்ளினால் உள்ளேயிருக்கும் பிஸ்டன் மேலெழும்பும். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அதை விரலால் மெல்ல, மிக மெல்ல மேலே தள்ளினார். வீட்டுக்குள் அவளுக்கு மூச்சுத் திரும்பியது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பகிடிக்கும் சிரிப்புக்கும் இடமில்லை. கனகசிங்கம் அவளைக் கட்டியதே அந்தச் சிரிப்புக்காகத்தான். அமிர்தகழிக் கோயில் தீர்த்தத்தன்று படித்துறையில் வழுக்கி முழுச் சனத்தின் முன்னால் தண்ணீருக்குள் விழுந்த அவரைப் பார்த்து, வாயைப் பொத்தாமல் சிரித்த ஒரே ஆள் அவள். அப்படிப்பட்டவர் இப்போது உப்பைக் கேட்பதற்குக்கூட முகத்தை இறுக்கிக்கொண்டார். நல்லரத்தினம் வேலிக்கு வெளியே நின்று, முதுகைக் காட்டிக்கொண்டே பேச வேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

"அக்கா, என்ட முதுகும் பகிடியா இருந்தாச் சொல்லு, போயிடுறன்."

"போடா! வாயப் பொத்திட்டு நில்லு."

"ரெண்டையும் எப்பிடிக்கா செய்யிற? போறதா, நிக்கிறதா?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அடுப்படிக் குசினிக்குள் ஓடுவாள். கனகசிங்கம் காருக்கு ஓடுவார்.

காரிலும் அதே நோய்தான். சும்மா நின்றால் சீராக உறுமும், நிதானமாகப் போனால் கொக்கட்டிச்சோலை வரை குறையில்லை. திடீரென்று மிதித்தால் மட்டும் ஒருமுறை விக்கி, செத்துப்போகும். மிதவையின் மட்டத்தை மாற்றிப் பார்த்தார். ஜெட்டுக்குள் நிற்கும் ஊசியை ஏற்றினார், இறக்கினார். ஒவ்வொரு முறையும் முன்னையதைவிடக் கவனமாக உள்ளேயெல்லாம் துணியால் துடைத்து, பொட்டு எண்ணெய்கூட இல்லாமல் காய வைத்துப் பூட்டினார். ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்குக் குழாய் வைத்துப் பார்த்த டொக்டர் நுரையீரல் நல்லாயிருக்கிறது என்றார். கொஞ்சம் மண்ணெண்ணெய் வாசம், அவ்வளவுதான்.

வருடம் இரண்டு போனது. சிரிக்காமல் இருந்து இருந்து அவளுடைய முகமே வேறாகிக்கொண்டு வந்தது. தூக்கத்தில் சிரித்துவிட்டால் என்ன செய்வது என்று கனகசிங்கம் பல நாள் காருக்குள்ளேயே படுத்தார். ஒரு விடியற்காலை அவள் தேத்தண்ணியோடு வந்து காரின் படியில் குந்தினாள்.

"இஞ்சேருங்க, நான் ஒண்டு சொன்னாக் கோவிக்கப்படாது."

"சொல்லன் புள்ள."

"சிரிப்பு வரக்குள்ள காத்துத்தான் முந்தி ஓடுது. பின்னால ஒண்டு வரோணும், அது வந்து சேரக்குள்ள கதவு பூட்டிப் போகுது. நீங்க விரலால ஆறுதலாத் தூக்கினா ரெண்டும் சேந்து வருது. மறுகா ஏன் நீங்க நெடுகத் தூக்கோணும்? அதைத் தூக்கி இறக்க உள்ளுக்கே ஒரு விரல் இல்லையா?"

கனகசிங்கம் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். அந்தக் காபரேற்றரின் அழகே அதன் பிஸ்டன்தான். மிதிக்கும்போது எஞ்சின் காற்றை இழுக்கிறது. இழுப்பு பிஸ்டனைத் தூக்குகிறது. பிஸ்டனில் தொங்கும் கூம்பூசி ஜெட்டுக்குள்ளிருந்து எழும்பி, வழி அகன்று எரிபொருள் வருகிறது. ஆனால் காற்று இலேசானது, எரிபொருள் பாரமானது. திடீரென்று மிதித்தால் பிஸ்டன் துள்ளி மேலே போய்விடும், காற்று ஒரேயடியாக நுழைந்துவிடும், எரிபொருள் பின்தங்கும். வெறுங்காற்றில் எஞ்சின் விக்கும். பிஸ்டனை யாரோ ஒருவர் பிடித்து, கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு என்று சொல்ல வேண்டும். அதன் உச்சியில் ஒரு கறுப்பு மூடி இருந்தது. மூடியின் கீழே ஒரு மெல்லிய கம்பி, கம்பியின் நுனியில் ஒரு குட்டித் தடுப்பு. அது பிஸ்டனின் நடுத்தண்டுக்குள்ளிருந்த துளையில் இறங்கி நிற்கும். இத்தனை வருடமும் அதை வெறும் மூடி என்றே அவர் துடைத்துப் பூட்டியிருந்தார். காற்றில் தொங்கும் கம்பி எதையும் பிடிக்காது. எண்ணெயில் நின்றால் பிடிக்கும். சேலையில் கசிந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் விளங்கியது.

"நான்தான் புள்ள வடிச்சன்," என்றார். "சைக்கிளுக்கு."

"சைக்கிளாவது நல்லாச் சிரிச்சிருக்கும்," என்று சொல்லிவிட்டு, அவள் அவசரமாக வாயைப் பொத்திக்கொண்டாள்.

இனிச் சரியான எண்ணெய் எது என்பதுதான் கேள்வி. புது எஞ்சின் எண்ணெய் ஒரு துளியும் அந்தக் கரையில் இல்லை, காருக்குள் கிடந்தது கருகித் தடித்திருந்தது. முதலில் மண்ணெண்ணெய் விட்டார். தண்ணீர் போல ஓடியது, பிஸ்டன் பழையபடி துள்ளியது. நல்லெண்ணெய் விட்டார், கார் மிதித்துக் கன நேரம் கழித்தே எழும்பியது, காலையில் சொன்ன பகிடிக்குச் சீதேவிப்பிள்ளை பின்னேரம் விளக்கு வைக்கும்போது சிரித்தாள். மூச்சு நிற்காத முதல் சிரிப்பு அது, ஆகவே இருவரும் சந்தோசப்பட்டார்கள். ஆனால் வேப்பெண்ணெய் விட்ட கிழமையில், நல்லரத்தினம் வேலியில் நின்று சொன்ன ஒன்றுக்கு அவள் அடுத்த நாள், செத்த வீட்டில் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு பாரமான எண்ணெய்களைக் கைவிட்டார்கள். மண்ணெண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் நடுவே, பிசுக்குப் பிடிக்காத மெல்லிய எண்ணெய் வேண்டும்.

அப்படியொன்று தையல் மெசினில் இருக்கிறது. கனகசிங்கம் படகுப் பாதையில் வாவி தாண்டி அக்கரை போய், பஸ் ஏறிக் காத்தான்குடியில் இறங்கினார். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நடுவே இரத்தம் சிந்தி ஐந்து வருடத்துக்குப் பிறகு அந்தத் தெருவுக்குள் போகக் கால் கூசியது. தையற்காரி ஹவ்வா உம்மா மெசினில் குனிந்திருந்தா. ஒரு காலத்தில் அவவுடைய மூன்று பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அந்த மொறிஸ் மைனர்தான்.

"ஆரது, கனகசிங்கம் தம்பியா? உசிரோட இருக்கியா வாப்பா?"

"இருக்கன் ராத்தா."

நடுவில் நடந்த எதையும் இருவரும் பேசவில்லை. அவர் மனைவியின் நோயைச் சொன்னார்; ஹவ்வா உம்மா நூலைக் கடித்து அறுத்துக்கொண்டு கேட்டா.

"அப்ப அவ சிரிக்கிறதுக்குத்தான் எண்ணெய்," என்று சொல்லி, புதுப் போத்தலை எடுத்து அவர் கையில் திணித்தா. "எங்கட பக்கமும் ஆரும் சிரிச்சுக் கன காலம். கேக்கிற மாதிரிச் சிரிக்கச் சொல்லு."

துறையில் நின்ற சிப்பாய் போத்தல் மூடியைத் திறந்து முகர்ந்தான். அம்மாவின் மெசின் வாசம் என்று சிங்களத்தில் சொல்லித் திருப்பிக் கொடுத்தான்.

பின்னேரம் நல்லரத்தினத்தை முற்றத்துக்குள்ளேயே கூப்பிட்டார்கள். கனகசிங்கம் எண்ணெயை விட்டு, மூடியைத் திருகி, காரின் பக்கத்தில் விரலைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார். நல்லரத்தினம் அக்காவின் முகத்தை நேராகப் பார்த்தான். இத்தனை வருடம் கழித்து முதல்முதல் முகம் பார்த்துச் சொல்லும் பகிடி. அவள் செத்துப்போனால் என்ன செய்வது? சபை சபையாகச் சிரிக்க வைத்தவனுக்கு ஒரு சொல்லும் ஞாபகம் வரவில்லை. வாயைத் திறந்தான், மூடினான், காதைச் சொறிந்தான், கடைசியில் "அக்கா, சாப்பிட்டியா?" என்று அழுவதுபோலக் கேட்டான்.

சீதேவிப்பிள்ளைக்கு வயிற்றுக்குள் சிரிப்புத் தொடங்கியது. வாய் திறந்தது. ஒரு கணம் எதுவோ அவளைப் பொறு என்று பிடித்தது. பிறகு மூச்சும் சத்தமும் ஒன்றாகச் சேர்ந்து எழும்பின. வாவியில் வலை இழுத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் நிலத்தில் உட்கார்ந்து, தூணைப் பிடித்து, கண்ணீர் வடிய, நிறுத்தாமல் சிரித்தாள். கனகசிங்கத்தின் விரல் முள்ளைத் தொடவேயில்லை. அவர் காரைக் கிளப்பி ஒரே மிதியாக மிதித்தார். எஞ்சின் விக்காமல் எழும்பியது.

அதன் பிறகு அவசரமாகத் துறைக்குப் போகிறவர்கள், சீதேவிப்பிள்ளை இன்றைக்குச் சிரித்தாளா என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறுவது வழக்கமாயிற்று. இரண்டும் விக்காமலிருக்கச் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கறுப்பு மூடியைக் கழற்றி, பிஸ்டனின் நடுத்தண்டுக்குள் தையல் மெசின் எண்ணெயை விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே நிற்கும்வரை விட்டு, மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, குறைந்திருந்தால் நிரப்ப வேண்டும்.