முப்பத்தொரு புள்ளிகள்

வெண்டல் தன் புதிய பூட்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போனான். வெல்டிங் வேலைக்கென்று வாங்கியது, நூற்று நாற்பது டாலர். பதினோரு நாள் போட்டுவிட்டான். கடைக்காரர் அடிப்பாகத்தைப் பார்த்தார், அதில் ஒட்டியிருந்த கப்பல் பெயிண்டைப் பார்த்தார், பிறகு வெண்டலின் முகத்தைப் பார்த்தார். வெண்டல் அதே பூட்ஸோடு வீடு திரும்பினான்.

"'இத இனிமே யார் தலையில கட்டறது'ன்னு கேக்கறான்," என்று சமையலறையில் நின்ற மார்லிஸிடம் சொன்னான்.

மார்லிஸ் அவனுடைய அக்கா. வயது அறுபத்தொன்று, அமெரிக்காவின் டுலூத் நகரப் பள்ளி நிர்வாகத்தில் சம்பளப் பட்டியல் போடும் வேலை. கணவர் இறந்த பிறகு அந்த வீட்டில் மேல்தளத்தில் அவளும், கீழே நிலவறையில் ஆறு ஆண்டுகளாகத் தம்பியும் இருந்தார்கள்.

"எதுக்குடா திருப்பிக் குடுக்கற? கடிக்குதா?"

"ஸ்கோர் விழுந்துருச்சு மார்லிஸ். அறுநூத்தி முப்பத்தெட்டு இருந்தது, இன்னைக்கு அறுநூத்தி ஏழு. ஷானா போன் பண்ணினா. இந்த மாசம் கிரெடிட் கார்டுல நான் வாங்கினது இந்த எழவு பூட்ஸ் மட்டுந்தான்."

ஷானா, அவன் வீடு வாங்கக் கேட்டிருந்த கடனைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி. கடன் கட்டும் ஒழுங்கை வைத்து ஒருவருக்குப் போடும் ஸ்கோர், அந்தக் கடனுக்கு அறுநூற்றிருபது புள்ளியாவது வேண்டும். கையெழுத்து இருபத்தொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை. அதற்குப் பத்து நாள் முன்பு மதிப்பெண்ணை இன்னொரு முறை எடுத்துப் பார்ப்பது அவர்கள் வழக்கம். அன்று புதன், பன்னிரண்டாம் தேதி.

"பூட்ஸுக்கா முப்பத்தொரு புள்ளி போகும்?" என்றாள் மார்லிஸ். கேட்டு முடிப்பதற்குள்ளேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. வெட்டிக்கொண்டிருந்த டர்னிப் துண்டுகளைச் சட்டியில் தள்ளிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பருகில் நின்றாள்.

"வேற எதுக்குப் போயிருக்கும்? நீதான சொன்ன, கையெழுத்து போடற வரைக்கும் ஒரு சூயிங்கம் கூட கார்டுல வாங்காதன்னு. கேட்டனா?"

அவள் சட்டியைக் கிளறினாள்.

இரண்டு வாரம் முன்பு, ஜனவரி முடிவில், அந்த வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நின்றுபோனது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு. வந்து பார்த்தவர் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும் என்றார். எட்டாயிரத்து நானூறு டாலர். அவரே தவணைக்கு ஏற்பாடு செய்வதாகச் சொன்னார், பதினெட்டு சதவீத வட்டிக்கு. மார்லிஸ் சிரித்தாள். அவளிடம் ஒரே வங்கியின் இரண்டு கார்டுகள் இருந்தன. பழையது இருபத்திரண்டு வருடக் கார்டு, வரம்பு பதினோராயிரம். புதியதில் நாலாயிரம்தான், அதுவும் கூரை வேலையில் தீர்ந்திருந்தது, ஆனால் அதில் அடுத்த ஆண்டு ஏப்ரல் வரை வட்டி கிடையாது. பழைய கார்டில் சும்மா கிடக்கும் வரம்பைப் புதியதற்கு மாற்றிவிட்டால் ஒரு காசு வட்டி இல்லாமல் ஃபர்னஸ் வந்துவிடும். புதுக் கடன் கேட்கவேண்டியதில்லை, மதிப்பெண்ணை யாரும் எடுத்துப் பார்க்கவும் மாட்டார்கள். அலுவலகத்தில் இதை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்.

கையுறையோடு தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு, வாயிலிருந்து புகை வர, அவள் வங்கிக்குப் பேசினாள்.

"ஒன்பதாயிரத்து ஐநூறு மாத்தணுமா மேடம்? பழையதுல ஆயிரத்து ஐநூறுதான் மிஞ்சும்."

"அது போதும்."

"ஒருதடவ மாத்தினா ஆறு மாசத்துக்குத் திரும்ப மாத்த முடியாது."

"எனக்குத் திரும்ப வேண்டாம்மா. ஃபர்னஸ் வேணும்."

"அந்தப் பழைய கணக்குல இன்னொருத்தர் பேரும் சேர்ந்திருக்கு மேடம். அவருக்கும் இனிமே அதே வரம்புதான்."

"தெரியும், தெரியும். அவன் அந்தக் கார்டத் தொட்டதே கிடையாது. சீக்கிரம் முடி கண்ணு, எனக்கு மூக்கு விறைச்சுப்போச்சு."

அந்த இன்னொருத்தர் வெண்டல்.

ஆறு ஆண்டுக்கு முன்பு அவன் திவாலாகி, குடியை விட்டு, இரண்டு பையோடு நிலவறைக்கு வந்த மாதத்தில் மார்லிஸ் அவன் பெயரைத் தன் பழைய கார்டில் சேர்த்தாள். அங்கே பல குடும்பங்களில் செய்வதுதான். பொறுப்பான ஒருவரின் கணக்கில் பெயர் இருந்தால், அந்த ஒழுங்கு பெயருக்குரியவரின் மதிப்பெண்ணிலும் ஏறும். பிள்ளைகளுக்குப் பெற்றோர் செய்வார்கள், சொல்லிவிட்டுச் செய்வார்கள். மார்லிஸ் சொல்லவில்லை. அவனுக்கு வரிக் கணக்கு எழுதுவது அவள்தான், அவனுடைய எண்கள் எல்லாம் அவளிடம் இருந்தன. அவன் பெயர் பொறித்த கார்டு தபாலில் வந்தபோது எடுத்துத் தையல் பெட்டியில் போட்டாள். அந்த நாட்களில் அவனிடம் ஒரு கார்டைக் கொடுப்பதும் ஒரு பாட்டிலைக் கொடுப்பதும் ஒன்று. அதற்குப் பிறகு சொல்லும் வேளை வரவில்லை.

ஏனென்றால் அவன் எண்ண ஆரம்பித்திருந்தான். சொந்தமாக, முந்நூறு டாலர் முன்பணம் கட்டி வாங்கும் சின்னக் கார்டு ஒன்று எடுத்தான். அதில் பெட்ரோல் போட்டான், மறுநாளே கட்டினான். ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை உணவின்போது கைபேசியைப் பார்த்து எண்ணைச் சொல்வான். ஐந்நூற்று முப்பது. ஐந்நூற்று எண்பத்தாறு. அறுநூறைத் தாண்டிய வாரம் தேவாலய நிலவறையில் நடக்கும் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் அதைச் சொல்லியிருக்கிறான். பதினான்கு முன்னாள் குடிகாரர்கள் கைதட்டியிருக்கிறார்கள். "பாத்தியா, ஒழுங்கா இருந்தா ஏறுது," என்று அவன் சொல்லும்போதெல்லாம் மார்லிஸ் அவனுக்கு இன்னொரு பான்கேக் வைப்பாள்.

இந்த மாதம் பழைய கார்டில் கார் காப்பீடு ஆறு மாதத்துக்கும் சேர்த்துத் தானாகக் கழிந்திருந்தது. ஆயிரத்து முந்நூற்றுப் பத்து. பதினோராயிரம் வரம்பில் அது ஒன்றுமே இல்லை. ஆயிரத்து ஐநூறில், மதிப்பெண் போடுகிறவர்கள் கண்ணுக்கு, கழுத்துவரை செலவழித்து மூச்சுத் திணறுகிற ஒருவனின் கணக்கு. அந்தக் கணக்கில் வெண்டலின் பெயரும் இருந்தது.

வியாழக்கிழமை அலுவலகத்தில் மதிய இடைவேளையில் மார்லிஸ் காருக்குள் உட்கார்ந்து வங்கியைக் கூப்பிட்டாள். ஆறு மாதம், என்றார்கள். மேலாளரைக் கேட்டாள். ஆறு மாதம். அதோடு புதிய கார்டில் ஃபர்னஸ் ஏறிவிட்டது, எடுத்துத் தர அங்கே அவ்வளவு வரம்பும் இல்லை. பழைய கார்டின் பாக்கியை உடனே கட்டினாள். கட்டினாலும் அது வெண்டலின் கணக்கில் தெரிவது அடுத்த மாதம் நான்காம் தேதிக்குப் பிறகுதான்.

பிறகு ஷானாவைக் கூப்பிட்டாள்.

"வெண்டல் ஹாபலாவோட அக்கா பேசறேன். அவர் ஸ்கோர் விழுந்ததுக்குக் காரணம் எனக்குத் தெரியும். வங்கிலருந்து கடிதம் வாங்கித் தரேன், நீங்க அவசரமா மறுபடி கணக்குப் போடச் சொல்ல முடியுமா?"

"முடியும்தான் மேடம். ஆனா அவர் கேக்கணும். அவர் ஃபைல்ல இருக்கறத உங்ககிட்ட நான் பேசக்கூடாது."

"நான்தான் பண்ணினேன்ங்கறேன்."

"புரியுது. அவர்கிட்ட சொல்லுங்க, அவரையே கூப்பிடச் சொல்லுங்க." பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "இன்னைக்கே சொல்லிடுங்க. திங்கக்கிழமை லீவு, நாள் இல்ல," என்றாள்.

மாலையில் வெண்டல் துறைமுகத்திலிருந்து வந்தான். குளிர்காலத்தில் ஏரி உறைந்து, சரக்குக் கப்பல்கள் ஓடாமல் பழுதுபார்க்கக் கட்டிக்கிடக்கும்; வெல்டர்களுக்கு அதுதான் அறுவடைக் காலம். தொப்பியைக் கழற்றியதும் நெற்றியில் கோடு பதிந்திருந்தது. மேசையில் உட்கார்ந்து கைபேசியை எடுத்தான்.

"இன்னும் அறுநூத்தி ஏழுதான். நான் அந்த வீட்ட விக்கறவருக்குப் போன் பண்ணி, வாங்கலன்னு சொல்லிடட்டுமா? முன்பணம் ரெண்டாயிரம் போனாப் போகட்டும். நல்ல மனுஷன், அவரக் காக்க வைக்கக் கூடாது."

"பூட்ஸ் இல்ல வெண்டல்."

"என்ன?"

"உன் பூட்ஸால இல்ல. என்னால."

அவள் தையல் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துத் திறந்தாள். சம்பளப் பட்டியலில் பிழை வந்தால் மேலதிகாரியிடம் எப்படிச் சொல்வாளோ அப்படி, தேதி வரிசையில் சொன்னாள். அவன் கார்டைக் கையில் எடுத்துத் தன் பெயரைப் படித்தான். கார்டின் முதுகில் கையெழுத்துக்கான வெள்ளைப் பட்டை காலியாக இருந்தது.

"ஆறு வருஷமா?"

"ஆறு வருஷமா."

"அப்ப அந்த அறுநூத்தி முப்பத்தெட்டு யாருது?"

"உன்னுதுதான். நீயும்தான கட்டின. நான் கொஞ்சம் கைகொடுத்தேன், அவ்வளவுதான்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"அது யாருக்குத் தெரியும்? அப்படிப் பிரிச்சு யாரும் சொல்ல மாட்டாங்க."

"நீ கணக்குப் போடறவ மார்லிஸ். குத்துமதிப்பாச் சொல்லு."

அவள் குத்துமதிப்பாக ஒன்று வைத்திருந்தாள். சொல்லவில்லை.

"ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான் வாயப் பொளந்துக்கிட்டுப் படிப்பேன். நீ பான்கேக் போடுவ," என்றான் வெண்டல். அவன் கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "கூட்டத்துல எழுந்து நின்னு சொன்னேன். ஜெர்ரி அழுதான். தெரியுமா உனக்கு?"

"நான் நல்லதுக்குத்தான்..."

"ஆமா. நல்லதுக்குத்தான்." எழுந்து நிலவறைக்கு இறங்கிப் போனான். படிகளில் பூட்ஸ் ஒவ்வொன்றாக ஒலித்தது.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு அவன் மேலே வந்தான். தூங்கின முகமாக இல்லை. "ஷானாவக் கூப்பிடு. ஸ்பீக்கர்ல போடு," என்றான்.

ஷானா இரண்டு வழி சொன்னாள். பாக்கி கட்டியாயிற்று என்று வங்கி தரும் கடிதத்தை அனுப்பலாம். நாலு நாளில் மதிப்பெண் பழைய இடத்துக்கு வரும். அல்லது அந்தக் கார்டிலிருந்து வெண்டலின் பெயரையே எடுத்துவிடலாம். அதற்கும் நாலு நாள்தான், ஆனால் எந்த எண்ணில் வந்து நிற்கும் என்று அவளால் சொல்ல முடியாது.

மார்லிஸ் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பேர எடுத்துடு என்று சொல்லிவிடுவான் என்றே அவள் நினைத்தாள்.

"கடிதம் அனுப்பறோம்," என்றான் வெண்டல். "எனக்கு ஐம்பத்திநாலு வயசு. கோவிச்சுக்கிட்டு வீட்ட விடற வயசு இல்ல."

"நல்லது. இன்னொண்ணு," என்றாள் ஷானா. "கடனை முடிவு பண்றவங்க கேப்பாங்க. இந்தக் கணக்கு உங்களோடது இல்லங்கறதால, உங்க கைப்பட ஒரு விளக்கக் கடிதம் வேணும். ரெண்டு வரி போதும்."

விளக்கக் கடிதம் இல்லாமல் அங்கே யாரும் வீடு வாங்குவதில்லை. ஏன் வேலை மாறினாய், ஏன் இந்த ஐநூறு டாலர் திடீரென்று வந்தது, எல்லாவற்றுக்கும் கடிதம். மார்லிஸ் வாக்கியத்தை மனதில் தயாராக வைத்திருந்தாள்: இது என் சகோதரியின் கணக்கு, குடும்ப வசதிக்காக என் பெயர் சேர்க்கப்பட்டது. அவன் காகிதத்தை எடுத்துக்கொண்டு மேசையின் மறுமுனைக்குப் போனான். வெகுநேரம் எழுதினான். அலுவலகத்திலிருந்து அனுப்பச் சொல்லி அவளிடம் நீட்டினான்.

இந்தக் கணக்கு என் சகோதரி மார்லிஸ் லிண்ட்குவிஸ்டுடையது. ஆறு ஆண்டுகளாக இதில் என் பெயர் இருக்கிறது. அது எனக்கு நேற்றுவரை தெரியாது. இதில் நான் ஒரு டாலர் செலவழித்ததுமில்லை, கட்டியதுமில்லை. என்னைப் பற்றி முடிவு செய்யும்போது இதைச் சேர்க்கலாமா என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

"கடைசி வரி வேண்டாம் வெண்டல்."

"ஏன்?"

"அவங்களே வேண்டாம்னு சொல்ல நீயே வழி காட்டற. இத வச்சு நிறுத்திடுவாங்க."

"நிறுத்தினா நிறுத்தட்டும்."

"வீடுடா! அறுபது தடவ அந்தத் தெரு வழியாப் போய்ப் பாத்துட்டு வந்திருக்க."

"பொய் இல்லாத கடிதம்தான கேட்டாங்க? செவ்வாய்க்கிழமை ஆனா ஒரு அறையில உக்காந்து உண்மையச் சொல்றேன். வெள்ளிக்கிழமையும் சொல்றேன். அனுப்பு. இல்ல, நானே போய்க் குடுக்கவா?"

அவள் அனுப்பினாள். ஸ்கேனரின் கண்ணாடியில் அந்தக் கடைசி வரியை மறைத்து ஒரு துண்டுக் காகிதம் வைக்கமுடியுமா என்று யோசித்தபடி ஒரு நிமிடம் நின்றாள் என்பதும் உண்மை.

புதன்கிழமை எண் வந்தது, அறுநூற்று முப்பத்தைந்து. வியாழன் முழுக்க ஷானா கூப்பிடவில்லை. மாலை நாலரைக்குக் கூப்பிட்டாள். கடிதத்தைப் படித்தவர் ஆறு ஆண்டு வாடகை ரசீது உண்டா என்று கேட்கிறாராம். உண்டு. நிலவறைக்கு மாதம் முந்நூற்றைம்பது டாலர். வெண்டல் காசோலையாகத்தான் கொடுப்பான், வேண்டாம் என்று மார்லிஸ் சொன்ன மாதங்களிலும். எழுபத்தொரு காசோலைகள். கடன் கிடைத்தது, கால் சதவீதம் கூடுதல் வட்டிக்கு.

வெள்ளிக்கிழமை அவன் தனியாகவே போய்க் கையெழுத்திட்டான். விடுப்பு எடுத்து வைத்திருந்த மார்லிஸ் வீட்டில் இருந்தாள், புது ஃபர்னஸின் வெப்பத்தில்.

மார்ச் முதல் வாரம் அவன் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனான். போகும்முன், கார்டிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னான். இப்போது எடுத்தால் கடனுக்கு ஒன்றும் ஆகாது. அவன் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் வங்கிக்குப் பேசி எடுத்தாள்.

அதற்குப் பிறகு வந்த ஒரு திங்கட்கிழமை, காலை ஏழு மணிக்கு, மார்லிஸ் அவனுக்குப் போன் செய்தாள். குழாய் ஒழுகுவதைச் சரிசெய்துவிட்டதாகச் சொன்னான். பின்வாசல் பனியை அள்ளிப் போட்டதைச் சொன்னான். அவனுடைய புதுச் சமையலறையில் ஏதோ வாணலியில் பொரியும் சத்தம் கேட்டது.

"இப்ப எவ்வளவு காட்டுது?" என்று கேட்டாள்.

"எது?"

"எதுன்னு கேக்கற. ஸ்கோர்தான்."

கரண்டி வாணலியில் உரசியது.

"காட்டுது," என்றான் வெண்டல். "உனக்கு வேலைக்கு நேரமாகலையா?"