பச்சைத் துணி கட்டிய அண்டா

ஜீயபுரத்தில் வாய்க்கால் கரை உடைந்த இடத்தை ஆனந்தவள்ளி தயிரால் அடைத்தது போன வருஷம் ஐப்பசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு. ஏழு அண்டாவில் ஆறு செலவானது.

அதற்கு முன்பே அவள் தயிரைப் பற்றி ஊருக்குத் தெரியும். பால் பொங்கியதும் இறக்குகிறவள் இல்லை அவள். பொங்கி அடங்கிய பாலைக் கொதிக்கவும் விடாமல் ஆறவும் விடாமல் சின்னத் தீயில் அரை மணி நேரம் வைத்திருந்து, பிறகு விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றி உறை ஊற்றுவாள். சொட்டுத் தண்ணீர் பிரியாது. ஸ்ரீரங்கத்து ஹோட்டல்களில் அதைக் கத்தி வைத்து அறுத்தார்கள். ஒருமுறை குடமுருட்டிப் பாலத்தில் வண்டி சாய்ந்து பானை உடைந்தபோது, தயிர் பானையின் வடிவத்திலேயே சாலையில் நின்றது. சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகும் பஸ்கள் இரண்டு நாள் அதைச் சுற்றிக்கொண்டு போயின. பொன்மலைப் பணிமனையில் வேலை பார்க்கும் அவள் கணவன் தங்கையனுக்கு மட்டும் இதில் நம்பிக்கை கிடையாது. பொங்கினால் காய்ந்துவிட்டது, அதற்கு மேல் கேஸுக்குத்தான் கேடு என்பான்.

கரை பிளந்ததும் முதல் ஆளாகக் குதித்து, உடைப்பை மறித்து வைத்த பலகையை முதுகால் தாங்கியவனும் அவன்தான். தண்ணீர் மார்புக்கு ஏறியது. போட்ட மண்மூட்டையெல்லாம் கரைந்து போனது. குட்டியானை வேனில் தயிர் அண்டாக்களோடு வந்து இறங்கிய ஆனந்தவள்ளிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. முந்தின நாள் துறையூரில் ஒரு சாவுக்குப் போயிருந்தாள். பால் காய்ச்சியது தங்கையன். சரியாகக் காயாத ஒரு அண்டா உள்ளே போனாலும் போதும், தயிர் நீர் விட்டுப் பிளந்து, பலகையோடு அவனும் போய்விடுவான். அண்டா வாயில் கட்டிய துணிகளை விலக்கிப் பார்த்தாள். மேலே ஏடு படிந்து ஏழும் ஒன்றுபோலவே இருந்தன.

“ஏங்க, எல்லாத்தையும் அரை மணி வச்சீங்களா?”

“வச்சேன், வச்சேன். கொட்டு!”

“உண்மையச் சொல்லுங்க!”

பலகை வளைந்தது. ஊரே நின்று கேட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர் தாடையைத் தொட்ட பிறகுதான் அவனுக்கு வாய் வந்தது.

“பச்சைத் துணி கட்டுனதை விட்டுடு, வள்ளி. பொங்குனதும் அணைச்சுட்டேன். மேட்ச் பாக்கப் போயிட்டேன்.”

அவள் திட்டவில்லை. அழுதுகொண்டே மற்ற ஆறையும் பலகைக்கு முன்னால் கவிழ்த்தாள். தண்ணீர் நின்றது.

பச்சைத் துணி அண்டாவை அன்றே மோராக்கி, மூட்டை சுமந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். தங்கையன் மட்டும் குடிக்கவில்லை. இப்போது லீவு நாளில் அடுப்பை அவன்தான் பார்க்கிறான், கடிகாரத்தைப் பார்த்து அரை மணி நேரம். கரை அந்த இடத்தில் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. அதன்மேல் டிராக்டர் போகிறது. சித்திரையில் லேசாகப் புளித்த வாசனை வரும், அவ்வளவுதான்.