அக்கா தன்னைத் திட்டிக்கொள்ளாத ஒரு மணி நேரம்

கார் நின்றதும் அக்கா வழக்கம்போல நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டாள்.

"மண்டு, மண்டு! உனக்கெல்லாம் எதுக்குடி கார்?"

கிளட்சை அவசரமாக விட்டால் கார் நிற்கத்தான் செய்யும். என்னிடம் ஓட்டக் கற்க வருகிறவர்கள் எல்லாருமே நிறுத்துகிறார்கள், மறுபடி கிளப்பிக்கொண்டு போகிறார்கள். இவள் மட்டும் தனக்குத் தண்டனை கொடுத்து முடித்த பிறகுதான் சாவியைத் தொடுவாள். அதற்குள் பின்னால் நாலு ஹாரன்.

இரண்டு முறை லைசென்ஸ் தேர்வில் தோற்றிருந்தாள். இரண்டு தாளிலும் அதிகாரி ஒரே வரியைத்தான் எழுதியிருந்தார்: கை ஸ்டியரிங்கில் இல்லை. எப்படி இருக்கும்? கை நெற்றியில் அல்லவா இருந்தது! இன்று பதினோரு மணிக்கு மூன்றாவது தேர்வு. இந்த வருடத்தின் கடைசித் தேர்வும் அதுதான். புது வருடத்திலிருந்து வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் வேலை அவளுக்குக் கிடைத்திருக்கிறது. லைசென்ஸ் இல்லையென்றால் அது இல்லை. இருபத்திரண்டு வருடம் வார்டில் நின்றே வீங்கிய கால்களோடு மறுபடி அங்கேயே நிற்க வேண்டும்.

காலையில் அவள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் அவள் எழுதி ஒட்டியிருந்த புது வருடத் தீர்மானங்களைப் பார்த்தேன். சோம்பக் கூடாது, உளறக் கூடாது, குண்டாகக் கூடாது. பத்தும் 'கூடாது'தான். போலீஸ் எழுதிய குற்றப்பத்திரிகை கூட இதைவிடக் கருணையாக இருக்கும்.

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. இனிமே உன்னையே திட்டினா, வண்டிய ஓரங்கட்டணும். பத்து நிமிஷம் நகரக் கூடாது" என்றேன்.

அரை மணியில் ஒரே ஒரு தெருவைத் தாண்டியிருந்தோம். மூன்றாவது முறை ஓரங்கட்டியபோது எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஊசி போடறப்ப ஒருத்தர் கைய இழுத்துக்கிட்டா மண்டுன்னு திட்டுவியாக்கா?"

"ச்சே, பாவம்டி. பயம்தானே. பேச்சுக் குடுத்துக்கிட்டே போட்டுருவேன்."

"அந்தப் பேச்ச உனக்கும் கொஞ்சம் குடேன், புண்ணியமாப் போகும்!"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளப்பினாள். அடுத்த முனையிலேயே கார் நின்றது. கை பாதி தூரம் எழும்பி, திரும்பி வந்தது. "ஒண்ணுமில்ல கண்ணு... மெதுவா... அவ்வளவுதான், அவ்வளவுதான்" என்றாள் வார்டுக் குரலில். கேட்கச் சகிக்கவில்லை. ஐம்பது வயதில் தன்னையே கண்ணு என்று கொஞ்சிக்கொள்கிறாள்! இதற்குத் திட்டே தேவலை என்று தோன்றியது. ஆனால் கார் நகர்ந்தது.

தேர்வு மைதானத்தில் அதிகாரி அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டார். நான் கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். வளைவுகளை ஒழுங்காக எடுத்தாள். மேட்டில், பாதி ஏற்றத்தில், கார் நின்றுவிட்டது.

கண்ணாடி ஏற்றியிருந்ததால் எதுவும் கேட்கவில்லை. இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன. உதடுகள் மட்டும் அசைந்தன. அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

எங்கள் டிரைவிங் பள்ளிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. இங்கே வேலியோரம் வெறும் மண்ணை என் வலது கால் பலங்கொண்ட மட்டும் மிதித்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். மெதுவாகக் காலை எடுத்தேன்.

கார் ஒரு சாண் பின்னால் வந்தது. நின்றது. பிறகு உறுமிக்கொண்டு மேலே ஏற ஆரம்பித்தது.