மகரனின் நாற்காலி

மகரனுக்குப் பத்தொன்பது வயது. ஏழு சூரியன்களை ஆண்டான். ஒருபோதும் குரலை உயர்த்தமாட்டான். சாகடிக்கப் போகிறவனைக்கூட ‘நீங்கள்’ என்றுதான் அழைப்பான்.

“வண்டலூர்ல சிங்கம் தினமும்தான் கத்துது. பெருங்களத்தூர்ல எவனாவது பயப்படுறானா? சத்தம் போடாம பாக்குறவனுக்குத்தான் பயப்படணும்” என்பார் என் கணவர் உமர்.

தாம்பரம் மார்க்கெட் பக்கத்தில் அவருக்கு டிவி ரிப்பேர் கடை. குரோம்பேட்டையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு மாதப் பத்திரிகையில் மகரனின் கதையைத் தொடராக எழுதினார். எழுதினார் என்பதைவிட நடத்தினார் என்று சொல்லலாம். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்துதான் கடை திறப்பார். அன்று காலையில் மாடியில் எங்கள் ஒற்றை அறையில், இரும்பு மடக்கு நாற்காலியில் அவர் மகரனாக உட்காருவார். எதிரே முக்காலியில் நான். அந்த மாதம் கதையில் சாக வேண்டியவர் யாரோ, அவருக்காக நான் வாதாட வேண்டும். வாதம் நன்றாக இருந்தால் அந்த ஆள் பிழைப்பார். இல்லாவிட்டால் உமர் மெதுவாக, “மறுக்கப்பட்டது” என்பார்.

ஒருமுறை மறுத்துவிட்டால் அதன்பின் யாரும் பேசக்கூடாது. அது பேரரசின் சட்டம்.

“அதெல்லாம் இல்ல. இன்னொரு தடவை கேளுங்க மச்சான்” என்பேன்.

“சட்டத்தை மீறுற. தலை போயிடும்.”

“போகட்டும். மீனை நீங்களே ஆய்ஞ்சு கொழம்பு வச்சுக்குங்க.”

சிரித்துவிடுவார். தீர்ப்பை மட்டும் மாற்றமாட்டார்.

ஆரம்பத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, “அந்தப் புள்ளைய மட்டும் விட்டுடுங்க, உங்க கால்ல விழறேன்” என்று உரக்கவே கெஞ்சிவிட்டேன். கீழே இருக்கும் வீட்டுக்காரம்மா கிளியம்மாள் கையில் துடைப்பத்தோடு மாடியேறி வந்துவிட்டார்.

“இன்னாய்யா, பாத்தா படிச்ச ஆளாட்டம் கீற, பொம்பளைய அடிக்கிறியா?”

கதைதான் என்று புரியவைக்கப் பாடுபட்டோம். புரிந்ததும் அவர் போகவில்லை. தரையில் உட்கார்ந்துகொண்டார். “அந்தப் புள்ள இன்னா தப்பு பண்ணுச்சு?”

“இன்னும் பண்ணல அக்கா. வளந்தா பழி வாங்கும்.”

“வளரட்டுமே. அப்பால பாத்துக்கலாம்.”

“மறுக்கப்பட்டது அக்கா.”

“நாசமாப் போக உன் ராசா” என்று திட்டிக்கொண்டே இறங்கினார். அதற்குப் பிறகு, “இந்த மாசம் யாரு?” என்று கீழேயிருந்து கேட்காத வெள்ளிக்கிழமை இல்லை.

நான் அதிகம் போராடியது ஒரு நிலவுக்காக. அதன் மக்கள் வரி கட்டவில்லை என்று மகரன் தண்ணீரை நிறுத்தப் போகிறான். அது எண்பத்தெட்டாம் வருஷத்துக் கோடை. தெருவில் லாரி வருமா வராதா என்று குடத்தோடு நின்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தேன். எனக்கு வாதம் தேட வேண்டியிருக்கவில்லை. வெறும் குடத்தை அவர் முன்னால் வைத்து, அதைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடக்கும்போது இடுப்பில் அது எப்படிக் கனக்கும் என்று சொன்னேன். அவர் குனிந்து குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, “மறுக்கப்பட்டது” என்றார். சாயங்காலம்வரை நான் முகம் கொடுக்கவில்லை. டீயில் சர்க்கரை போடவில்லை. குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போதுதான் சொன்னார். “கடைசி அத்தியாயத்துல மகரன் பிடிபடுவான். அவனை விசாரிக்கிறது அந்த நிலாவுல இருக்குற ஒரு பொம்பள. அப்ப நாம எடம் மாத்திக்கலாம். நான் கெஞ்சுறேன், நீ தீர்ப்பு சொல்லு. ஆனா என் வாதம் சரியில்லன்னா கொன்னுடணும் ஜானு. புருஷன்னு பாக்கக்கூடாது.”

கடைசி அத்தியாயத்துக்கு முந்தைய இதழ் வந்த வாரம், கடையில் ஒரு டிவியின் பின்மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தவர் மார்பில் கைவைத்து உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

நான் இத்தாவில் இருந்தேன். கணவனை இழந்தவள் வெளியே போகாமல், வேற்று ஆண்களைப் பார்க்காமல் வீட்டுக்குள் இருக்கும் காலம் அது. பத்திரிகை ஆசிரியர் ஸ்ரீநிவாசராகவன் வந்தபோது படிக்கட்டின் அடியிலேயே நின்றுகொண்டார். மெல்லிய குரல். என் காதில் விழவில்லை. கிளியம்மாள் பாதிப்படி ஏறி நின்று கத்தினார்.

“ஜானு, அந்தச் சின்ன ராசாவ நீயே கொல்றியா, இல்ல இவரு வேற ஆள் வச்சுக் கொல்லட்டுமான்னு கேக்குறாரு!”

கீழே அவர் பதறுவது கேட்டது. “ஐயோ, அப்படிச் சொல்லலம்மா, மெதுவாச் சொல்லுங்கோ...”

வேறு யாரோ ஒருவர் மகரனுக்குப் பேச்சு எழுதுவதை நினைத்துப் பார்த்தேன். ‘டேய்’ என்று கத்த வைத்துவிடுவார்.

“நானே கொல்றேன்னு சொல்லுங்க அக்கா.”

வெள்ளிக்கிழமை காலை பழக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தேன். ஒரு வரியும் வரவில்லை. பிறகு எழுந்து முதல்முறையாக இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரே முக்காலி. அதன்மேல் ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்திருந்தது. இந்த வெளிச்சத்தில்தான் இத்தனை நாள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது.

“நீதிபதி அம்மா, சாகறதுக்கு முன்னாடி ஒரு டீ கிடைக்குமா? சர்க்கரை போட்டு.”

அவர் குரல்தான். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினேன். மகரன் தன் தகப்பனைப் பற்றிப் பேசினான், ஏழு சூரியன்களும் ஒன்றாக மறையும் மாலையைப் பற்றிப் பேசினான். அடுத்த வெள்ளியும் பேசினான். அதற்கடுத்ததும். பத்திரிகையில் கொள்ளாது என்று தெரிந்தும் நான் நிறுத்தவில்லை. அவன் கெஞ்சிக்கொண்டிருக்கும்வரை அறையில் ஆள் இருந்தது. கீழேயிருந்து கிளியம்மாள், “இன்னுமா பேசிக்கினு கீறான்?” என்பார்.

ஒருநாள் மகரன் சொன்னான்: “உங்கள் நிலவுக்குத் தண்ணீர் தரக்கூடாது என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் இன்னொரு தடவை கேட்பதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது. அதற்காகத்தான் மறுத்தேன்.”

என் கை நின்றுவிட்டது. இது அவர் சொல்லியிருப்பாரா, இல்லை, நான் கேட்க ஆசைப்பட்டதைச் சொல்ல வைத்துவிட்டேனா? திரும்பத் திரும்பப் படித்தேன். தெரியவில்லை. இனி எழுதினால் ஒவ்வொரு வரியிலும் இந்தச் சந்தேகம் வரும். கொஞ்சம் கொஞ்சமாக அவர் குரல் போய் என் குரல்தான் மிஞ்சும்.

வாதமும், நினைத்துப் பார்த்தால், சரியில்லைதான். தாகத்தில் செத்தவர்களுக்கு அது ஒரு பதிலா?

நிமிர்ந்து உட்கார்ந்தேன். குரலை உயர்த்தாமல், முக்காலியைப் பார்த்து, “மறுக்கப்பட்டது” என்றேன்.

படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த கிளியம்மாள், “அவ்ளோ சொல்றானே, வுட்டுடேம்மா” என்றார்.

அவர் இன்னொரு தடவை கேட்பாரா என்று அந்த நாற்காலியிலேயே காத்திருந்தேன். ஒரு மின்சார ரயில் தாம்பரம் பக்கம் போனது. முக்காலிமேல் இருந்த வெளிச்சம் மெல்ல இறங்கித் தரைக்கு வந்தது.

மறுத்தபின் பேசக்கூடாது என்பது பேரரசின் சட்டம். நான் ஒருநாளும் மதித்ததில்லை. அவர் மதித்தார்.