வாலில்லாத தேள்

தன் சேலையைக் கட்டிக்கொண்டு இன்னொருத்தி ஊர்க்கிணற்றுப் படி ஏறுவதைப் பார்த்த அன்றைக்குத்தான் பொறாமை என்றால் என்னவென்று சின்னாயிக்குத் தெரிந்தது. அதற்கு முன் அவள் பொறாமைப்பட்டதே இல்லை என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு அத்தாயியின் வெள்ளாடு இரட்டைக் குட்டி போட்டபோது இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அதெல்லாம் ஒரு வாய்க் களி தின்றால் மறந்துபோகிற சங்கதி. இது மறக்கவில்லை.

ஜலகண்டாபுரத்துக்குத் தெற்கே இருந்தது பூலாங்காடு. இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம், பங்குனி வெயிலில், சேலத்திலிருந்து ஒரு படக் கம்பெனி இரண்டு லாரிகளில் அங்கே வந்து இறங்கியது. படம் தீண்டாமையைப் பற்றியது. தாழ்ந்த சாதிப் பெண் ஒருத்தி, தாகத்தில் கிடக்கும் குழந்தைக்காக ஊர்க்கிணற்றில் தண்ணீர் இழுத்துவிடுகிறாள். ஊரே கொதிக்கிறது. கடைசியில் ஊர்ப் பெரியவர் மனம் திருந்தி அவளைப் பார்த்துக் கை தட்டுகிறார். அதற்கு நிஜமான கிணறு வேண்டுமென்று டைரக்டர் சுவாமிநாதன் பல ஊர் சுற்றி, பூலாங்காட்டுக் கிணற்றைப் பார்த்ததும் இதுதான் என்று சொல்லிவிட்டார்.

கிணறு தருவதற்கு மணியக்காரர் வெள்ளியங்கிரி இரண்டு நிபந்தனை போட்டார். கயிற்றைத் தொடுகிற பெண் நல்ல சாதியில் பிறந்தவளாக இருக்க வேண்டும். தெற்கு வளவில், அதாவது சேரியில், இருக்கிற ஆட்கள் ஒருத்தரும் கிணற்றுக்கு எதிரே இருக்கிற வேப்பமரத்தைத் தாண்டி வரக்கூடாது. சுவாமிநாதன் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். செய்துவிட்டு, அந்த மனம் திருந்துகிற பெரியவராக நீங்களே நிற்க வேண்டும் என்று கேட்டார். மணியக்காரருக்கு வாயெல்லாம் பல். மனம் திருந்துவது படத்தில்தானே, அதில் என்ன நஷ்டம்? அன்றைக்கே சேலத்துக்கு ஆளனுப்பி, செவ்வாய்ப்பேட்டையிலிருந்து சரிகைத் தலைப்பாகை வரவழைத்துக்கொண்டார்.

சின்னாயி தெற்கு வளவுக்காரி. வளவுக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. வாயில் வைத்தால் துப்பத் தோன்றும். ஆகவே குடிக்கிற தண்ணீருக்கு ஊர்க்கிணற்றுக்குத்தான் வர வேண்டும். வந்து, கிணற்றுக்குக் கீழே கிடக்கிற பட்டைக்கல்லில் குடத்தை வைத்துவிட்டு, வேப்பமரத்தடிக்குப் பின்வாங்கி நிற்க வேண்டும். தண்ணீர் இழுக்க வந்த யாராவது மனசு வைத்துக் குடத்தில் ஊற்றினால், அவர்கள் நகர்ந்த பிறகு போய் எடுத்துக்கொள்ளலாம். மனசு வைக்காவிட்டால் நிற்கலாம். சின்னாயி தன் ஆயுளில் பாதியை அந்த மரத்தடியில் நின்றே கழித்திருந்தாள்.

கம்பெனிக்காரர்கள் வளவுக்கு வந்து பழஞ்சேலை கேட்டார்கள். நன்றாக நைந்ததாக, ஒட்டுப் போட்டதாக வேண்டுமாம். எல்லாச் சேலையையும் பார்த்துவிட்டுச் சின்னாயியின் அரக்குச் சேலையைத் தேர்ந்தெடுத்தார்கள். அதோடு அவளுடைய நெளிந்த பித்தளைக் குடத்தையும் கேட்டார்கள். பதிலுக்குப் புதுச்சேலை ஒன்று தருவதாகச் சொன்னார்கள். சின்னாயிக்கு அன்றைக்குப் பெருமைதான். வளவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

மறுநாள் காலையில் அந்தப் பெருமை காற்றாய்ப் போயிற்று.

நடிகையின் பெயர் சாரதாமணி. எலுமிச்சம்பழ நிறம். அந்த நிறத்தின்மேல் கரியைக் கரைத்துப் பூசியிருந்தார்கள். சின்னாயியின் சேலையைக் கட்டி, சின்னாயியின் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, பட்டைக்கல்லைத் தாண்டி, படி ஏறிக் கிணற்று மேட்டில் போய் நின்றாள். ஊர் முழுக்கப் பார்த்தது. ஒருத்தரும் கல் எடுக்கவில்லை. மணியக்காரர் பெண்டாட்டி குஞ்சம்மாள் வெள்ளிச் செம்பில் மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள். "எங்களுக்கு மட்டும் தாகம் இல்லையா?" என்று நடிகை தனக்குச் சொல்லிக்கொடுத்த வசனத்தைச் சொன்னபோது, குஞ்சம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சின்னாயி வேப்பமரத்தடியில் நின்றாள். அதே சேலை. முழங்காலுக்குக் கீழே இருக்கிற ஒட்டு அவள் கையால் தைத்தது. அதே குடம். ஆள் மட்டும் வேறு. வயிறு பற்றி எரிந்தது. நியாயமாகப் பார்த்தால் அவள் எரிந்திருக்க வேண்டியது மணியக்காரர்மேல். ஆனால் வயிறு நியாயம் பார்த்தா எரிகிறது? அந்தக் கரி பூசின பெண்மேல்தான் எரிந்தது.

"என்னயாட்ட வேசம் போட்டா ஏறலாமா. நானா இருந்தா ஏறக்கூடாதா?" என்று பக்கத்தில் நின்ற புருஷன் சடையனிடம் கேட்டாள்.

"சும்மா இரு புள்ள. அது கூத்து" என்றான் சடையன்.

"கூத்துன்னா தண்ணியும் பொய்யா? நெசத் தண்ணிதான இழுக்கப் போறா."

யார் காதிலாவது விழுந்துவிட்டதா என்று சடையன் திரும்பிப் பார்த்தான்.

சாரதாமணி தண்ணீர் இழுக்கிற காட்சி வெயில் சாய்கிறவரை இழுத்துக்கொண்டே போயிற்று. அவள் ஊரில் குழாயைத் திருகித் தண்ணீர் பிடித்தவள். பூலாங்காட்டுக் கிணறோ பாதாளம். வாளி பாதி தூரம் வருவதற்குள் கயிறு கையிலிருந்து நழுவும். அவள் கயிற்றைத் திட்டுவாள், உருளையைத் திட்டுவாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கடைசியில் உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் வந்துவிட்டது. அழுதுகொண்டே, துணி மாற்றுவதற்காகக் கிணற்றோரம் கட்டியிருந்த தென்னந்தட்டி மறைப்புக்குள் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் சுவாமிநாதனே வேப்பமரத்தடிக்கு வந்தார். "சேலைக்குக் கொசுவம் சரியா வரலைம்மா. உங்க கட்டு உங்களுக்குத்தான் தெரியும். வந்து கட்டிவிடு" என்றார். மணியக்காரரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தட்டி மறைப்பு கிணற்று மேட்டுக்குக் கீழேதான் இருந்தது, கிணற்றைத் தொடுகிற காரியம் இல்லை. அதனால் சுற்றிப் போகச் சொல்லித் தலையை ஆட்டினார்.

அவள் மறைப்புக்குள் போனதும் சுவாமிநாதன் தட்டிக்கு வெளியே நின்று குரலைத் தாழ்த்தினார். "நீ இழுக்கறியா? முகம் தெரியாது. முந்தானையை முன்னால இழுத்துவிட்டுக்கோ. முதுகும் கையும்தான் படத்துல வரும். வெளிச்சம் போறதுக்குள்ள முடிக்கணும்."

சின்னாயி தட்டி இடுக்கு வழியாக ஊரைப் பார்த்தாள். தெரிந்தால் தோலை உரித்துவிடுவார்கள். அவளை மட்டுமல்ல, வளவையே கொளுத்துவார்கள். இவர் அடித்த கற்பூரச் சத்தியம் லாரி ஏறிப் போய்விடும். தான் இங்கேயேதான் இருக்க வேண்டும். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த சாரதாமணி தன் இடுப்பிலிருந்த சேலையை அவிழ்த்து, பாம்புச் சட்டையை எறிவதுபோல் எறிந்தாள். "எப்படித்தான் இதைக் கட்டறாளுகளோ" என்றாள். சின்னாயி சேலையை எடுத்து உதறினாள். "இழுக்கறனுங்க" என்றாள்.

முந்தானையை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பட்டைக்கல்லைத் தாண்டினாள். படி ஏறினாள். வாளியை இறக்கி, கை மாற்றிக் கை மாற்றி, ஒரே மூச்சில் இழுத்து மேலே கொண்டுவந்தாள். கேமராக்காரர் பக்கத்தில் வந்து கைகளைப் படம் பிடித்தார். குடத்தில் ஊற்றினாள். பிறகு, யாரும் சொல்லாமலே, வாளியைச் சாய்த்து ஒரு வாய் குடித்தாள். ஊர் தூரத்தில், கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப்பக்கம் நின்றது. சரிகைத் தலைப்பாகை கட்டிய மணியக்காரர் கண் கலங்கிக் கை தட்டினார். சொல்லிக்கொடுத்ததைவிட அதிகமாகவே தட்டினார்.

"இப்பத்தான் பொண்ணுக்குக் கை வந்திருக்குது" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லவும் செய்தார்.

நடையைப் பார்த்துக் கண்டுகொண்டவன் சடையன் ஒருத்தன்தான். அன்று வீட்டுக்கு வந்ததும் அவன் கதவைச் சாத்தினான். "ஆருகிட்டயும் மூச்சு உடாத. உனக்குக் கும்புடு போடறேன்" என்றான். சின்னாயியும் சொல்லவில்லை. உயிர்ப்பயம் யாரைத்தான் விட்டது.

ஆனால் பயத்தோடு வாழ்ந்துவிடலாம். அந்த வருஷம் அவள் கேட்க வேண்டியிருந்த பேச்சோடு வாழ முடியவில்லை. கம்பெனி போன பிறகு பூலாங்காட்டுக்குத் தலைகால் புரியவில்லை. கிணற்று மேட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். வெளியூரிலிருந்து விருந்தாளி வந்தால் குஞ்சம்மாள் கூட்டிவந்து, "சாரதாமணி நின்னு இழுத்த எடம் இதுதானுங்க. என்ன லாவகமா இழுத்துச்சு தெரியுமா அந்தப் பொண்ணு? நம்மளால ஆகாது" என்று காட்டுவாள். அந்த நேரத்தில் பட்டைக்கல்லில் அவளுடைய மண்குடம் காலியாக இருக்கும். வேப்பமரத்தடியில் சின்னாயி நின்றுகொண்டிருப்பாள். லாவகமாக இழுத்த கை முந்தானைக்குள் மடங்கிக் கிடக்கும். முதலில் அந்தப் பெண்ணிடம் சேலையும் குடமும்தான் போயின. இப்போது தான் செய்த காரியமும் அவள் பேருக்குப் போய்விட்டது. ராத்திரியெல்லாம் சின்னாயி புரண்டாள்.

அடுத்த வருஷம் ஜலகண்டாபுரத்துக் கொட்டகைக்குப் படம் வந்தது. மணியக்காரர் வண்டி கட்டி ஊரையே அழைத்துப் போனார். வளவு ஆட்கள் பின்னால் நடந்து போனார்கள். முன்னால் மணல் தரை, பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் மணியக்காரருக்கு ஒரு நாற்காலி. தரையில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் நடுவே ஒரு படுதா. சின்னாயி தரையில் அத்தாயியோடு உட்கார்ந்தாள். படுதாவுக்கு அந்தப்பக்கம் சடையன்.

கிணறு வந்ததும் கொட்டகை ஆரவாரித்தது. அரக்குச் சேலை படி ஏறியது. திரையில் ஒரு முதுகு. தன் முதுகை இதுவரை பார்த்திராத சின்னாயிக்கு அது தன்னுடையதுதான் என்று சட்டென்று தெரியவில்லை. கயிறு ஏறியது. பின் பெஞ்சிலிருந்து குஞ்சம்மாள், "பாருங்க, பாருங்க, என்ன அழகா இழுக்கறா" என்றாள். அடுத்த நொடியே சாரதாமணியின் முகம் திரை முழுக்க வந்து கண்ணீர் விட்டது. கொட்டகையும் விட்டது. சின்னாயி பல்லைக் கடித்துக்கொண்டாள். கை அவளுடையது, கண்ணீர் இன்னொருத்திக்கு.

மறுபடியும் கைகள் வந்தன. இந்தத் தடவை கிட்டத்தில், ஆள் உயரத்துக்கு. வலது முன்னங்கையில் பச்சை குத்திய தேள் ஒன்று. முன்னால் இடுக்கி இருந்தது, உடம்பு இருந்தது. வால் இல்லை.

பூலாங்காட்டில் அந்தத் தேளைத் தெரியாதவர்கள் இல்லை. சிறுமியாக இருந்தபோது, பச்சை குத்துகிறவளிடமிருந்து பாதியில் கையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவள் சின்னாயி. அன்றிலிருந்து ஊர் அவளை வாலறுந்த தேள் என்றுதான் கேலி செய்யும். பெஞ்சில் இருந்தவர்களெல்லாம் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார்கள். சின்னாயி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். படுதாவுக்கு அந்தப்பக்கம் சடையனின் மூச்சு அவளுக்குக் கேட்டது.

பின்னாலிருந்து மணியக்காரர் சிரித்தார். கொஞ்சம் உரக்கவே சிரித்தார்.

"மையில எழுதியிருக்கறாங்கப்பா. இவ கையப் பாத்து அந்தப் பொண்ணு கையில அதேமாரி வரஞ்சுட்டாங்க. வேசம்னா சும்மாவா?"

"அதான பாத்தேன்" என்றது ஒரு குரல். "படக்காரன் கில்லாடிதான்" என்றது இன்னொன்று. ஒரு வருஷம் குடித்த தண்ணீர் எல்லார் வயிற்றிலும் பழையபடி சுத்தமானது. தப்பித்தோம் என்று சடையன் கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எல்லாருக்கும் நல்லது. அவளும் அப்படித்தான் இருக்கப் பார்த்தாள். ஆனால் வலிக்க வலிக்கக் குத்தின தேள் அது. அழுது, ஓடி, அம்மாவிடம் அடி வாங்கிய தேள். சேலையைக் கொடுத்தாயிற்று, குடத்தைக் கொடுத்தாயிற்று, செய்ததையும் கொடுத்தாயிற்று. உடம்பில் இருக்கிறதையும் அந்த நடிகைக்கே எழுதிவைத்தால் தனக்கென்று என்னதான் மிச்சம்?

சின்னாயி எழுந்து நின்றாள். பின்னாலிருந்து வந்த வெளிச்சம் அவள் முதுகில் விழுந்தது.

"எழுதுனதில்லீங்க சாமி" என்றாள். "அது என் கையிங்க. அந்தப் பொண்ணு கை தோலுரிஞ்சு தட்டிக்குள்ள அழுதுட்டு இருந்துச்சு. படி ஏறினதும் நான், இழுத்ததும் நான். ஒரு வாய் குடிச்சதும் நாந்தானுங்க. வருசம் ஒண்ணாச்சு. நீங்களும் அந்தத் தண்ணியத்தான் குடிக்கறீங்க. ஆருக்கும் ஒண்ணும் ஆகலீங்களே."

முந்தானையை விலக்கிக் கையை உயர்த்திக் காட்டினாள்.

மணியக்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். கையில் தடி. "நிறுத்துடா படத்த" என்று கத்தினார். வெளியே ஓடிய மின்சார என்ஜின் சத்தத்தில் ஆபரேட்டருக்கு அது கேட்கவில்லை. படம் ஓடியது. அவர் பெஞ்சுகளைத் தாண்டித் தரைக்கு இறங்கி வந்தபோது, திரை முழுக்க அவரே வந்தார். சரிகைத் தலைப்பாகை, கலங்கின கண், மீசைக்குக் கீழே சிரிப்பு. சின்னாயியைப் பார்த்துக் கை தட்டினார்.

தடியோடு நின்றவர் மறுபடியும் "நிறுத்துடா" என்றார். திரையில் இருந்தவர் நிறுத்தவில்லை. தட்டிக்கொண்டே இருந்தார்.